முதலில் ஆற்றைக் கீறுங்கோ

புவியியல் வகுப்பில் புறவுருவப் படம் தந்தால் நமக்கெல்லாம் ஒரே விதிதான்: முதலில் ஆற்றைக் கீறுங்கோ, பிறகு மலை, ஊர் கடைசியில். பிரித்தானியாவின் இடப்பெயர்களைக் கிளறிப் பார்க்கவும் இதைவிட நல்ல ஒழுங்கு இல்லை. 5ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்கள் ஊர்களுக்கு '-டன்', '-ஹாம்' என்று தங்கள் மொழியான பழைய ஆங்கிலத்திலேயே பெயர் வைத்தார்கள். ஆற்றின் பெயரை மட்டும் அங்கே ஏற்கெனவே இருந்தவனிடம், அதாவது இன்றைய வேல்ஸ் மொழிக்கு மூதாதையான கெல்திக் மொழியைப் பேசியவனிடம், கேட்டுக்கொண்டார்கள். தேம்ஸ், ட்ரென்ட், ஏவன் எல்லாம் அப்படித் தப்பிய பெயர்கள். மேற்கே போகப் போக இவை கூடும்.

ஏவன் என்பதன் மூலம் 'அபோனா'. கெல்திக் மொழியில் அதற்கு 'ஆறு' என்றே பொருள். 'ஏவன் ஆறு' என்றால் 'ஆறு ஆறு'. நம் 'நடுசென்டர்' மாதிரி. லங்காஷயரின் பென்டில் ஹில் இன்னும் ஒரு படி மேல். 'பென்' என்றால் கெல்திக்கில் குன்று, தலை. அதன் பொருள் மறந்தபின் பழைய ஆங்கிலத்து 'ஹில்' சேர்ந்து இறுகி 'பென்டில்' ஆயிற்று. அதுவும் மறந்தபின் மறுபடி ஒரு 'ஹில்'. ஒரே மலைக்கு மூன்று மலை!

லண்டனில் வெம்பிளிக்காரர் வரி கட்டும் பிரென்ட் சபையின் பெயரும் ஆற்றுப்பெயர்தான். பழைய சாசன வடிவத்தில் நடுவே ஒரு 'க' இருந்தது. அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் 'உயர்ந்தது' என்னும் பொருள்தரும் 'பிரிக்' வேர் பிடிபடும். தென்கிழக்கு லண்டனின் பெஞ்ச், 'பென்' (தலை), 'கோயிட்' (காடு) இரண்டும் சேர்ந்தது. வேல்ஸில் பென்கோயிட் என்றே ஓர் ஊர் இன்றும் உண்டு.

ஆனால் இன்றைய ஒலியை வைத்துப் பொருள் சொல்லப் போனால் வழுக்கும். 'பென்' என்று தொடங்கும் பெயரெல்லாம் கெல்திக் அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதே ஒலிக்கு ஆடுமாடு அடைக்கும் பட்டி என்றும் பொருள். ரோமர் காலத்து எழுத்து, பிறகு சாசனங்கள், பிறகு 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏடு (இங்கிலாந்தின் நிலக் கணக்கெடுப்பு) என்று வடிவங்களைக் காலவரிசையில் அடுக்க வேண்டும். டூம்ஸ்டேயை மட்டும் நம்பக்கூடாது. நோர்மன் ஆட்சியின் எழுத்தர் ஆங்கில ஒலிகளை லத்தீன் வழக்கப்படி எழுதிவைத்தது அது. கடைசியாக, சொன்ன பொருள் நிலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மேட்டில் இருக்கும் ஊருக்கு 'முகத்துவாரம்' என்று பொருள் வந்தால் எங்கோ பிழை.

யோர்க் நல்ல பாடம். ரோமர் கோட்டையான விந்தோலாந்தாவில் கிடைத்த, கி.பி. 100ஐ ஒட்டிய மரப்பலகை ஒன்றில் இது 'எபுராக்கும்'. 'எபுர்' என்பது யூ மரம் என்பதே பெரும்பாலோர் கருத்து. உயிருக்கு நடுவே நின்ற 'ப்' மெலிந்து 'வ்' ஆனது. இது நமக்குப் புதிதா? 'பகல்' என்று சொல்லும்போது நடுவில் வரும் ககரத்தைக் கவனியுங்கள். அந்த 'எவொர்' காதில் விழுந்த ஆங்கிலேயருக்குத் தங்கள் மொழியின் காட்டுப்பன்றி, 'எயொவொர்', நினைவுக்கு வந்தது. வால்பகுதியையும் 'விக்' என்று மாற்றி 'எயொவொர்விக்' ஆக்கிவிட்டார்கள். மரம் போய்ப் பன்றி வந்தது. 866இல் நகரைப் பிடித்த வைக்கிங்குகளின் வாயில் அது 'யோர்விக்'. அது தேய்ந்து யோர்க். வேல்ஸ்காரர் மட்டும் இந்தச் சுற்றுக்குள் வரவில்லை. அவர்களுக்கு அது இன்றும் 'எவ்ரோக்', நியூயோர்க் 'எவ்ரோக் நெவித்'.

ஆறும் எப்போதும் தப்புவதில்லை. சசெக்ஸில் உள்ள அருண் ஆற்றுக்குப் பழம்பெயர் டாரன்ட், ட்ரென்டுக்கு உறவு. கரையில் உள்ள அருண்டெல் ஊரின் பெயரை 'அருண்' ஆற்றின் 'டெல்', அதாவது பள்ளத்தாக்கு, என்று யாரோ தவறாகப் பிரித்தார்கள். இல்லாத ஆற்றுப்பெயர் ஒன்று அப்படிப் பிறந்து, இருந்த பெயரை விழுங்கிவிட்டது.

பிரான்சில் இருப்போருக்கு ஒரு வரி: ஓர்லி விமான நிலையமும் தெற்கே உள்ள ஓரியாக் நகரும் ஒரே பெயர்தான். இரண்டும் 'அவ்ரேலியாக்கும்'; அவ்ரேலியஸ் என்பவரின் நிலம். 'ஆக்கும்' என்ற கெல்திக் விகுதி வடக்கே 'இ' ஆகவும் தெற்கே 'ஆக்' ஆகவும் தேய்ந்தது.

வேல்ஸுக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள் இருமொழிப் பலகைகளைக் கவனியுங்கள். ஸ்வான்சீ, கடலோடிகளான நோர்ஸ்காரர் (வைக்கிங்குகள்) விட்டுப்போன பெயர். பக்கத்திலேயே அதே ஊருக்கு வேல்ஸ் மொழியில் 'அபெர்தாவே' என்று இருக்கும்: தாவே ஆற்றின் முகத்துவாரம்.