சாப்பாட்டு அறைக்கு நிறம் எடுக்க முதல், பல்ப்பைப் பாருங்கள்

எங்கள் யாழ்ப்பாண வீடுகளில் சாப்பாட்டு அறை பெரும்பாலும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட அறை. ஒரு பக்கம் ஹோல், மறுபக்கம் குசினி. யன்னல் இருந்தால் ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டு மதிலையோ வாழைக்குட்டியையோ பார்த்தபடி. எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவதோ இரவில். நிறத்தை மட்டும் பகல் பதினொரு மணிக்குக் கடை வாசலில் நின்று, இரண்டு அங்குலக் கார்ட்டை வெயிலில் பிடித்துத் தெரிவு செய்கிறோம். பிறகு "கார்ட்டில ஒண்டு, சுவரில இன்னொண்டு" என்று பெயின்ரரைப் பேசுவது.

ஆகவே முதல் வேலை பல்ப். பெட்டியில் 6500 கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். இங்கே வழக்கமாக வாங்கி மாட்டுவது இதைத்தான். இதன் கீழே குத்தரிசிச் சோறும் மீன் குழம்பும் சாம்பல் பூத்ததுபோல் கிடக்கும். கடையில் தந்தம் போலிருந்த கிறீம் நிறம் பச்சையடித்த அழுக்கு வெள்ளையாகும். 3000 கே மஞ்சள் வெளிச்சம். சாப்பாட்டுக்கு நல்லது, ஆனால் சுவரும் மஞ்சளென்றால் இருப்பவர்கள் எல்லோருக்கும் செங்கமாரி வந்ததுபோல் தெரியும். அறைக்கு ஒரே லைட்தான் என்றால் 4000 கே வாங்குங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்றொரு எண்ணும் இருக்கும், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரியும் என்பதுதான் அது. 80 சாதாரணம், 90 கிடைத்தால் காசு கூடினாலும் அதை எடுக்கலாம். எண் குறைந்த பல்ப்பின் வெளிச்சத்தில் சிவப்புப் பங்கு குறைவு. சம்பல் சோர்ந்துபோய்த் தெரிவது அதனால்தான்.

அடுத்தது நிலம். பழைய வீட்டுச் சிவப்புச் சீமெந்து நிலத்தில் வெளிச்சம் பட்டுத் தெறித்துச் சுவரின் அடிப்பகுதிக்கு இளஞ்சிவப்பு ஏற்றும். கிறீம் அதைத் தாங்கும். வெளிர் பச்சையும் சாம்பலும் சேறாகும். வெள்ளை மாபிளில் இந்தச் சிக்கல் இல்லை.

யன்னல் திசை பற்றி இணையத்தில் வாசிப்பதை அப்படியே எடுக்க வேண்டாம். வடக்கு யன்னலால் வெயில் வராது, குளிர்ந்த சீரான வெளிச்சம்தான் என்று எழுதுபவர்கள் இருப்பது எங்களுக்கு வெகு வடக்கே. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கம் நிற்கும். மார்கழியில் தெற்கு யன்னலால் வெயில் உள்ளே விழும். மேற்கு யன்னல் அறையில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சுவர் தானாகவே செம்மஞ்சளாகும், அங்கே பீச் நிறம் வேண்டவே வேண்டாம்.

நிறக் கார்ட்டின் பின்பக்கத்திலோ புத்தகத்திலோ எல்.ஆர்.வி. என்று 0 முதல் 100 வரை ஓர் எண் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதுதான் அது. ஒற்றை யன்னல் அறைக்கு 60க்கும் 75க்கும் இடையில் எடுத்தால் பகலில் லைட் போடாமல் சமாளிக்கலாம். கடும் நிறத்தில் ஆசையென்றால் ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் யன்னல் இல்லாத சுவருக்கு. யன்னலைச் சுற்றிக் கடும் நிறம் அடித்தால் கண் கூசும்.

பரீட்சித்துப் பார்க்க 1 லீற்றர் ரின் போதும். சுவரில் நேரே அடிக்க வேண்டாம். பக்கத்திலுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். 2 அடிக்கு 2 அடி ஹார்ட்போர்ட்டில் வெள்ளைப் பிறைமர் ஒரு கை (ஒரு தடவை), மேலே நிறம் இரண்டு கை, சுற்றிவர ஓர் அங்குலம் வெள்ளையாக விடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி கறுக்கும், ஆதலால் அடுத்த நாள்தான் பார்க்க வேண்டும். காலை ஏழு மணி, மத்தியானம், பின்னேரம், இரவு லைட் போட்ட பிறகு என்று நாலு தரம், ஒவ்வொரு சுவரிலும் சாத்தி வைத்துப் பாருங்கள். இரவில் பார்க்கும்போது முன்னால் ஒரு வெள்ளைக் கோப்பையில் இடியப்பமும் சொதியும் வையுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பச்சைச் சுவரின் சாயல் சொதியில் விழுந்தால் அதை யாரும் ஆசையாகச் சாப்பிட மாட்டார்கள். நாலு சுவரும் ஒரே நிறமானால் ஒன்றின் நிறம் மற்றதில் தெறித்து இன்னும் கடுமையாகும். ஆகவே பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதை வாங்குவதே கணக்கு. எங்கள் தெரிவு ஒடியல் மா நிறம். சாம்பல் துளி கலந்த அந்தக் கிறீம் எந்த லைட்டிலும் பெரிதாக மாறாது.

கதிரையின் முதுகு ஏறத்தாழ 3 அடியில் சுவரில் உரசும். 3½ அடி வரைக்கும் ஒரு படி கடுமையான நிறம் அடித்தால் கறை தெரியாது. அந்தக் கீழ்ப்பட்டைக்குக் கழுவக்கூடிய, மெல்லிய மினுக்கமுள்ள எமல்ஷன் எடுங்கள். மேலே மினுக்கம் வேண்டாம். பூச்சில் மேசனின் கை போன மேடு பள்ளமெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். குழம்பு தெறித்தால் உடனே வெறும் தண்ணீரில் ஒற்றி எடுங்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் செம்பழுப்பாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே சங்கதி, சவர்க்காரத்திலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம் பட்டதும் நிறம் மாறுகிறது. மிச்ச மஞ்சள் கறை வெயில் வெளிச்சம் படும் இடமென்றால் நாளடைவில் வெளிறிவிடும்.

கணக்கு: 12க்கு 14 அடி அறை, 10 அடி உயரம். சுற்றளவு 52 அடி, சுவர் 520 சதுர அடி. 7க்கு 3 கதவு இரண்டும் 4க்கு 4 யன்னல் இரண்டும் கழித்தால் 446. ஒரு லீற்றர் ஒரு கைக்கு 100 முதல் 120 சதுர அடி போகும், சொரசொரப்பான பூச்சென்றால் குறையும். இரண்டு கைக்கு 8 முதல் 9 லீற்றர், ஆகவே 10 லீற்றர் வாளி ஒன்று. பிறைமருக்கு 4 லீற்றர் ரின் மட்டுமட்டாக வரும். நிறம் கலந்த ரின்கள் இரண்டு மூன்று வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகே தொடங்குங்கள். இல்லாவிட்டால் சுவர் நடுவில் நிறம் மாறும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கெடுப்பது உப்பு. தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்த பூச்சு, ஈரம் ஏறும்போதெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். அதைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். ஒரு பிளாஸ்ரிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் வேர்த்திருந்தால் பெயின்ற் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும், பிறகும் சீமெந்தின் காரம் தாங்கும் பிறைமர்தான். சுண்ணாம்புச் சாந்து பூசிய, நடுமுற்றம் வைத்த பழைய நாற்சார் வீடென்றால் எமல்ஷனே வேண்டாம், ஈரம் வெளியேற வழியில்லாமல் பொருக்குப் பொருக்காகக் கோப்பைக்குள் விழும். சுண்ணாம்பிலேயே காவியோ மஞ்சட் காவியோ கலந்து அடியுங்கள். காவியைச் சுண்ணாம்பு தின்னாது; கோயில் மதிலின் சிவப்புப் பட்டையே சாட்சி.

தீபாவளிக்கென்று ஐப்பசி மழைக்குள் தொடங்குபவர்கள் இரண்டாவது கைக்கு முன் ஒரு முழு நாள் விட வேண்டும். காயப் பிந்தினால் கடும் நிறங்களில் தேன் வடிந்ததுபோல் பழுப்புக் கோடு இறங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு ஈரத் துணியால் துடைத்தால் போகும், அதற்கு மேல் இன்னொரு கை தேவையில்லை. மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கிய பிறகு வலிகாமத்துச் செம்மண் தூசி ஈரச் சுவரைத் தேடிவரும், காற்று எழும்ப முதல் காலையிலேயே அடித்து முடியுங்கள். மிஞ்சியதைச் சிறிய போத்தலில் கழுத்துவரை நிரப்பி, நிறத்தின் இலக்கத்தையும் திகதியையும் மூடியில் எழுதி வையுங்கள்.