அப்பாவை வரச் சொல்

"அப்பாவை ஸ்கூலுக்கு வரச் சொல்லுடா, பேசிக்கலாம்." நான் சொன்னது இவ்வளவுதான். எந்த வாத்தியாரும் சொல்கிற பதில். ஆனால் என் பத்தாம் வகுப்பு மாணவன் கேட்டது வேறு. "சார், தயாளன் சார் மாதிரி எங்க வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசுவீங்களா?"

படத்தைப் போட்டதே நாங்கள்தான். திருப்புதல் தேர்வு முடிந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் களைத்துப்போயிருந்தார்கள், கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று 'சாட்டை'யைப் போட்டோம். 2012இல் வந்தது. சமுத்திரக்கனி தயாளன் என்கிற இயற்பியல் ஆசிரியராக ஓர் அரசுப் பள்ளிக்கு மாற்றலாகி வருவார், வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போடுவார். உதவித் தலைமையாசிரியராக வரும் தம்பி ராமையாவைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் நின்ற நாங்களும் சிரித்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

இந்த மாதிரிப் படங்களில் நல்ல வாத்தியார் பெரும்பாலும் புதிதாக வந்தவராகத்தான் இருக்கிறார். ஊரில் யாருக்கும் அவர் மேல் பழைய கணக்கு கிடையாது. எனக்கு அந்த வசதி இல்லை. இவன் அண்ணனுக்காக இதே வீட்டுக்குப் போய் இதே அப்பாவிடம் பேசியவன் நான். அவர் டூவீலர் மெக்கானிக். பெரியவனைப் பத்தாவதோடு பட்டறைக்குக் கூட்டிக்கொள்ள இருந்தார். நல்ல மார்க், பயாலஜி குரூப் எடுக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேசினேன். சினிமாவில் வருவது போலவே நடந்தது, மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். பிளஸ் டூவில் அவனுக்கு இயற்பியலும் கணக்கும் போனது, துணைத்தேர்விலும் எழவில்லை. அப்புறம் வெளியூர் போய்விட்டான், பட்டறைக்கும் வரவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வண்டியை சர்வீஸுக்கு விடப் போனபோது, "நீங்க நல்லதுக்குத்தானே சார் சொன்னீங்க" என்றார். காசு வாங்கவும் மாட்டேன் என்றார்.

அதனால்தான் தம்பிக்காக நான் போகவில்லை என்று சொல்லலாம். அதுவும் முழு உண்மையா என்று தெரியவில்லை. பொதுத்தேர்வு வேலை, பிள்ளைகளின் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலை, அதுவும் இதுவும் கழுத்தை நெரித்த நேரம். தவிர, பெற்றோரை முறையாகப் பள்ளிக்கு அழைத்து, தலைமையாசிரியரையும் உட்காரவைத்துப் பேசுவதுதானே சரி? வீடு தேடிப் போய் ஒரு அப்பாவைப் பிள்ளைக்கு முன்னால் வைத்து இளக வைப்பது கொஞ்சம் நாடகம்தான். பெரியவன் விஷயத்தில் நான் ஆடியது அந்த நாடகம்தானோ என்று நினைப்பேன். பிறகு, இல்லை, அவன் தேறியிருந்தால் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்திருப்பேனே என்றும் தோன்றும்.

இப்போதெல்லாம் இன்னொரு படம் நினைவுக்கு வருகிறது. ராபின் வில்லியம்ஸ் ஆசிரியராக நடித்த 'டெட் பொயட்ஸ் சொசைட்டி', 1989. நாடகத்தில் நடிக்க ஆசைப்படும் பையன், கூடவே கூடாது என்கிற அப்பா. அந்த ஆசிரியரும் வீட்டுக்குப் போவதில்லை. நீயே அப்பாவிடம் மனம்விட்டுப் பேசு என்கிறார். பேசிவிட்டதாகப் பையன் பொய் சொல்கிறான். கடைசியில் பையன் உயிரை மாய்த்துக்கொள்கிறான், ஆசிரியரைப் பள்ளி வெளியே அனுப்புகிறது. முதலில் பார்த்தபோது எனக்கு அப்பா மேல்தான் கோபம். இப்போது, நீயே பேசு என்று சொல்லும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

எங்கள் கதையில் அப்படி எதுவும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள், "அப்பா வர முடியாதுன்னுட்டார் சார்" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். இப்போது ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான், மாலையில் பட்டறை. நன்றாக இருக்கிறான். "அப்புறம் என்ன சார் உங்களுக்கு?" என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். நியாயம்தான். நான் போகாததால்தான் நன்றாக இருக்கிறான் என்றுகூட வாதாடலாம்.

ஆனால் அவன் அப்பாவிடம் உண்மையிலேயே கேட்டானா? கேட்டால் வந்திருக்கக்கூடிய மனுஷர் அவர், பெரியவன் விஷயத்துக்குப் பிறகும். சான்றிதழ் வாங்க வந்த அன்று கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவன் அப்பாவிடம் கேட்டிருந்தாலும் "கேட்டேன் சார்" என்றுதான் சொல்வான். கேட்காமல் விட்டிருந்தாலும் அதையேதான் சொல்வான்.