எல்லாம் பண்ணிப் பாத்தாச்சா?

ஜூலை 4

அக்கா போன்ல ஒரே அழுகை. மூளைக்குள்ள எலக்ட்ரோடு வெச்சு கரண்ட் குடுக்குற டிபிஎஸ் பத்தி யாரோ சொல்லியிருக்காங்க, "எல்லாம் பண்ணிப் பாத்தாச்சுடி, இதையும் பாத்துடலாமே"ங்கறா. அவ பையனுக்கு 16 வயசு, ஓசிடி, அதாவது வேண்டாத பயம் தலைக்குள்ள வந்துட்டே இருந்து ஒரே காரியத்தத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய், பத்தாவதுக்கப்புறம் ஸ்கூல் பக்கமே போகல, கை கழுவிக் கழுவி விரல் முட்டியெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியுது. அவ கேக்குறதுல தப்பே இல்ல.

ஜூலை 6

உக்காந்து படிச்சேன். ஓசிடிக்கு டிபிஎஸ் முதல்ல வந்தது 1999ல, பெல்ஜியத்துல லூவன்ல. அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2009ல ஒரு சிறப்பு அனுமதி குடுத்துச்சு, அதுவும் 18 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு, மருந்தெல்லாம் கேக்காம போனவங்களுக்கு மட்டும். ஆனா டிஸ்டோனியான்னு தசை முறுக்கிக்குற வியாதிக்கு 2003லயே 7 வயசுலருந்து வைக்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்போ சின்ன வயசுங்கறது மட்டும் தடை இல்ல. சின்ன வயசுல ஓசிடி வந்தவங்கள பல வருஷம் கழிச்சுப் பாத்த ஆய்வுகள ஒண்ணா சேத்து 2004ல கணக்கு போட்டிருக்காங்க, சுமார் 40 சதவீதம் பேருக்கு அரைகுறையாக்கூட நோய் மிச்சம் இல்லாம ஆகியிருக்கு. நாளைக்குத் தானா குறையலாம்ங்கற ஒரு புள்ளையோட மண்டையில இன்னிக்கு துளை போடுறோம், அதான் என்னைத் தூங்க விடல. இன்னொரு பக்கம், காத்திருக்குற ஒவ்வொரு வருஷமும் அவன் படிப்பு, சிநேகிதம் எல்லாம் போயிட்டே இருக்கு, அதையும் சும்மா தள்ளிட முடியாது.

ஜூலை 9

மனநோய்க்குன்னு மூளையில ஆபரேஷன் பண்றது நம்ம ஊருக்கும் புதுசு இல்லன்னு இப்பதான் தெரிஞ்சுது. 1960கள்லருந்து மெட்ராஸ்ல ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா இவங்கல்லாம் ரொம்ப ஆக்ரோஷமா நடந்துக்கறவங்களுக்கு மூளைக்குள்ள அமிக்டலாங்கற இடத்துல சின்னதா ஒரு பகுதியை அழிக்கிற ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, அதுல குழந்தைகளும் இருந்தாங்க. அத "செடேட்டிவ் நியூரோசர்ஜரி", அதாவது ஆள அமைதியாக்குற மூளை ஆபரேஷன்னே பேர் வெச்சு எழுதியிருக்காங்க. அந்த டாக்டர்கள வில்லனாக்க எனக்கு மனசு வரல, வேற வழியே இல்லன்னு வந்து நின்ன குடும்பங்கள் அவ்வளவு இருந்திருக்கும். ஆனா செடேட்டிவ்னா யாருக்கு நிம்மதி, புள்ளைக்கா வீட்டுக்கா? அந்தக் கேள்விய எங்க வீட்டுலயும் கேட்டுத்தான் ஆகணும். பாத்ரூம் வாசல்ல நின்னு "ஆச்சுடா கண்ணா, சுத்தமாயிடுச்சு, வா"ன்னு அக்கா நாப்பது தடவை சொல்றா, அவ ஓஞ்சு போயிட்டா. அவ ஓஞ்சது நிஜம், ஆனா அது அவன் தலையில கத்தி வைக்க ஒரு காரணம் ஆகாது.

ஜூலை 13

பழைய ஃபைல எடுத்து ஒவ்வொரு சீட்டா பாத்தேன். மாத்திரை மாத்தி மாத்தி எழுதியிருக்கு, ஆனா ஈஆர்பி, அதாவது பயப்படுறத தொட வெச்சு உடனே கழுவ விடாம கூடவே இருந்து பழக்குற தெரபி, அவனுக்கு ஒழுங்கா நடக்கவே இல்ல. ஒரு தடவை கவுன்சிலிங்னு போய் மனச தைரியமா வெச்சுக்கோன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. 2004ல வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல 7லருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க, செர்ட்ராலின்ங்கற ஓசிடி மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்கள்ல 21 சதவீதம் பேருக்குத்தான் நோய் அடங்குச்சு, மாத்திரையோட இந்த மாதிரி தெரபியும் சேத்தவங்கள்ல 54 சதவீதம். இதுல பாதிய விட்டுட்டு எப்படி எல்லாம் பண்ணிப் பாத்தாச்சுன்னு சொல்றது? ஈஆர்பி தெரிஞ்ச ஆள் கிடைக்கறது கஷ்டம்ங்கறதுக்காக ஒரு புள்ளைக்கு "எதுக்கும் கேக்காத கேஸ்"னு முத்திரை குத்தினா அது அநியாயம்.

ஜூலை 17

இன்னிக்கு அவன்கிட்டயே பேசினேன், இதுவரைக்கும் யாருமே அவன்கிட்ட கேக்கல. கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தான், அப்புறம் "சித்தி, வெச்சப்புறம் எனக்குப் பிடிக்கலன்னா ஆஃப் பண்ணச் சொல்ல முடியுமா, நான் சொன்னா கேப்பாங்களா, இல்ல அம்மா சொன்னாத்தானா?"ன்னான். நான் படிச்ச எதுலயும் இவ்வளவு நேரா இந்தக் கேள்விய யாரும் கேக்கல. மிஷின ஆஃப் பண்ணிடலாம், கம்பியையும் எடுத்துடலாம், அதனால இது பழைய ஆபரேஷன் மாதிரி இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க, சரி, ஆனா ஆஃப் பண்ற உரிமை யார் கையில? நம்ம 2017 மனநலச் சட்டத்துல, மனநோய்க்காக மூளையில ஆபரேஷன் பண்ணனும்னா அந்த ஆளோட சம்மதமும் வேணும், அந்தச் சட்டப்படி அமைக்கிற மனநல மறுஆய்வு போர்டோட அனுமதியும் வேணும்னு 96ஆம் பிரிவு சொல்லுது. அம்மா அப்பா கையெழுத்து போட்டா போதும்னு அதுல இல்ல.

ஜூலை 20

அக்காகிட்ட சொல்லிட்டேன், டிபிஎஸ் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லல. முதல்ல ஈஆர்பி முழுசா நடக்கட்டும், மாத்திரை சரியான டோஸ்ல போதுமான நாள் போகட்டும். பாத்ரூம் வாசல்ல நீ நிக்கிறத எப்படி மெதுவா குறைக்கறதுன்னு தெரபிஸ்ட் உனக்கும் சொல்லித் தரட்டும். அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா, அவனே ஆமான்னு சொன்னா, நானே கூட வரேன்னு. "அவன் வேண்டாம்னா?"ன்னு கேட்டா. வேண்டாம்தான்னேன். கொஞ்ச நேரம் கோவமா இருந்தா, அப்புறம் தெரபிஸ்ட் நம்பர் கேட்டு வாங்கிக்கிட்டா.