கில்மேனம் சிறைச்சாலையும் அயர்லாந்தின் விடுதலையும்

டப்ளினுக்குப் போகும் நண்பர்களிடம், நகரின் மேற்கே கில்மேனம் என்ற பகுதியில் இருக்கும் பழைய சிறைச்சாலைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள் என்று நான் தவறாமல் சொல்வது வழக்கம். 1796இல் திறந்து 1924இல் மூடப்பட்ட அந்தச் சிறையில், அயர்லாந்து பிரிட்டிஷ் பேரரசிடமிருந்து எப்படிப் பிரிந்தது என்பதோடு, பிரிந்த பிறகு அந்த மக்களுக்குள் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க முடிகிறது. வழிகாட்டியுடன்தான் உள்ளே செல்லலாம்; நுழைவுச்சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடுவதால் இணையத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

ஆனால் சிறைக்குப் போவதற்கு முன் ஓ'கானல் தெருவில் உள்ள தலைமை அஞ்சலகத்தைப் பார்த்துவிட வேண்டும். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை அன்று கிளர்ச்சியாளர்கள் இந்தக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் அதன் வாசலில் நின்று அயர்லாந்துக் குடியரசின் பிரகடனத்தை வாசித்தார். ஏழு பேர் தங்கள் பெயர்களை இட்ட அந்தப் பிரகடனம் ஆண்களோடு பெண்களையும் முதல் வரியிலேயே அழைக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் அப்படித் தொடங்கியதை நான் பெரிதாக மதிக்கிறேன். தொழிற்சங்கத் தலைமையகமான லிபர்ட்டி ஹாலில் அதை அச்சடித்தபோது எழுத்துகள் போதாததால், மேல்பாதியையும் கீழ்பாதியையும் தனித்தனியாகக் கோத்து அச்சிட்டார்கள். எஞ்சியிருக்கும் மூலப் படிகளை உற்றுப் பார்த்தால், வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துச் சேர்த்த எழுத்துகள் சொற்களுக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். ஒரு வாரச் சண்டையில் அஞ்சலகம் எரிந்து முகப்பு மட்டும் மிஞ்சியது. தெருவின் தெற்கு முனையில், ஓ'கானல் சிலையின் அடியில் சிறகு விரித்து அமர்ந்திருக்கும் வெண்கல உருவங்களில் குண்டு துளைத்த ஓட்டைகளை இன்றும் காணலாம்.

ஏப்ரல் 29 அன்று பியர்ஸ் சரணடைந்தபோது டப்ளின் மக்களில் பலர் கிளர்ச்சியாளர்கள் மீது கோபமாகத்தான் இருந்தார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பொதுமக்கள். நகரின் நடுப்பகுதி இடிந்து கிடந்தது. பிரிட்டிஷ் படையில் சேர்ந்து முதல் உலகப் போரில் நின்றிருந்த ஐரிஷ்காரர்களின் குடும்பங்கள் எத்தனையோ இருந்தன. அந்தக் கோபத்தைத் தலைகீழாக மாற்றியது பிரிட்டிஷ் அரசே என்பது என் உறுதியான எண்ணம். தளபதி மேக்ஸ்வெல் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இராணுவ விசாரணை நடத்தினார்; தொடர்பே இல்லாதவர்களையும் சேர்த்துச் சுமார் 3,500 பேர் கைது செய்யப்பட்டார்கள். டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் மீதும் சந்தேகம் விழுந்தது. அந்த ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர்களில் ஒருவரான வி.வி. கிரி, பின்னாளில் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறையை வகித்து, இந்தியாவின் குடியரசுத் தலைவராகவும் ஆனார்.

மே 3 முதல் 12 வரை கில்மேனம் சிறையின் கல் உடைக்கும் முற்றத்தில் பதினான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே நாளில் முடித்திருந்தால்கூட மக்கள் மனம் இந்த அளவுக்குத் திரும்பியிருக்காது. பத்து நாள்களில் ஐந்து முறை புதிய பெயர்களோடு செய்தி வந்ததுதான் அவர்களால் தாங்க முடியாததாக இருந்தது. உயர்ந்த சாம்பல்நிறச் சுவர்கள் சூழ்ந்த அந்த முற்றத்தில் இப்போது இரண்டு சிலுவைகள் நிற்கின்றன. ஒரு முனையில் உள்ளது பதின்மூன்று பேருக்கானது. எதிர்முனையில், வாயிற்கதவுக்கு அருகில் உள்ளது தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கானலிக்கானது. குண்டுக்காயத்தால் எழுந்து நிற்க முடியாத அவரை அந்த வழியாகக் கொண்டுவந்து, நாற்காலியில் அமர்த்திச் சுட்டார்கள்.

பிரகடனத்தில் பெயரிட்டவர்களில் ஒருவரான ஜோசப் பிளங்கெட்டுக்கு, சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, சிறையின் தேவாலயத்தில் ஓவியர் கிரேஸ் கிஃபர்டுடன் திருமணம் நடந்தது. இதைக் கேட்டுக் கண்கலங்குபவர்கள் பலர். ஆனால் என்னை உலுக்கியது அதன் தொடர்ச்சிதான். அதே கிரேஸ் 1923இல் இதே சிறையில் கைதியாக அடைக்கப்பட்டார். இம்முறை அடைத்தது சுதந்திர அயர்லாந்தின் அரசு. அவருடைய அறைச் சுவரில் குழந்தையை ஏந்திய மரியாளின் ஓவியம் இருக்கிறது. அவர் வரைந்தது மங்கிப்போனதால் பின்னர் மீண்டும் தீட்டப்பட்டதைத்தான் நாம் காண்கிறோம். கதவில் உள்ள சிறு துளை வழியாக ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்.

இது எப்படி நேர்ந்தது? 1918 டிசம்பர் தேர்தலில், விடுதலை கோரிய சின் ஃபெய்ன் கட்சி அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐ வென்று, லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போகாமல் டப்ளினிலேயே தன் அவையைக் கூட்டியது. ஆஸ்திரிய, ரஷ்ய, உதுமானியப் பேரரசுகள் போரில் நொறுங்கியதால் பல நாடுகள் பிறந்தன. அயர்லாந்தோ போரில் வென்ற பேரரசை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. இரண்டரை ஆண்டு கெரில்லாப் போருக்குப் பின் 1921 டிசம்பரில் பிரிட்டனோடு கையெழுத்தான உடன்படிக்கை 26 மாவட்டங்களுக்குத் தன்னாட்சி கொடுத்தது. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. டப்ளின் அவையின் உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. டப்ளின் அவை அந்த உடன்படிக்கையை 64க்கு 57 என்ற வாக்குகளில் ஏற்றது. தோற்ற பக்கத்தில் அதுவரை அவையின் தலைவராக இருந்த டி வலேரா, வென்ற பக்கத்தில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ். நேற்றுவரை ஒரே அணியில் நின்றவர்கள் 1922 ஜூனில் ஒருவரையொருவர் சுடத் தொடங்கினார்கள். அந்த நவம்பரில் உடன்படிக்கையை எதிர்த்த நான்கு இளைஞர்களைப் புதிய அரசு இந்தச் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றது.

பாழடைந்து கிடந்த சிறையை 1960இல் தன்னார்வலர்கள் சீரமைக்கத் தொடங்கியபோது, இரு தரப்பின் வழிவந்தவர்களும் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்ததால், உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தார்கள். அன்றைக்கு அது தேவையான மௌனமாக இருந்திருக்கலாம். இன்று வழிகாட்டிகள் கிரேஸின் கதையையும் அந்த நான்கு பேரின் கதையையும் மறைக்காமல் சொல்வதுதான் அந்தச் சிறைக்கு முழு மதிப்பைத் தருகிறது.

சிறையிலிருந்து நகருக்குத் திரும்பும் வழியில் லிஃபி ஆற்றங்கரையில் பச்சைக் குவிமாடத்தோடு நீதிமன்றக் கட்டடம் நிற்கிறது. உடன்படிக்கையை எதிர்த்தவர்கள் அதற்குள் இருந்தபோது, பிரிட்டிஷாரிடம் கடன் வாங்கிய பீரங்கிகளால் புதிய அரசின் படை அதைத் தாக்கியது. 1922 ஜூன் 30 அன்று அங்கிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1840களில் அயர்லாந்தை வாட்டிய பெரும்பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் எந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லக்கூடிய 1841, 1851ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி அதில் சாம்பலானது. நூறாண்டு நிறைவை ஒட்டி 2022இல் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், பிற நாட்டுக் காப்பகங்களில் எஞ்சியிருந்த படிகளையும் குறிப்புகளையும் திரட்டி, எரிந்த காப்பகத்தை இணையத்தில் மீண்டும் கட்டியெழுப்பி வெளியிட்டார்கள். அதை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பயணத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.