மேசைப் பதிவா, கூட்டத்து மைக்கா?

அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் கச்சேரிகளைப் புதிதாகக் கேட்பவர்கள் 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழக பார்ட்டன் ஹாலில் தொடங்கலாம். ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் செய்த மேசைப் பதிவு, அதாவது மேடை ஒலியை மிக்ஸர் மேசை வழியாக நேராக எடுத்தது. ஒவ்வொரு கருவியும் தனித்துத் துலங்கும். என்ன ஒரு தெளிவு!

எல்லா மேசைப் பதிவும் அப்படி அமையாது. சின்ன அரங்கில் கிடார் ஆம்ப்ளிஃபயர் சத்தமே நேராகக் காதை எட்டிவிடும். அதனால் மிக்ஸரில் அதைக் குறைத்துவைப்பார்கள். பதிவில் குரல் மட்டும் துருத்தும், கைதட்டல் எங்கோ கேட்கும். கூட்டத்து மைக், அதாவது ரசிகர்களுக்கு நடுவே வைத்த மைக், எடுத்த பதிவைச் சேர்த்துக் கலக்கும் 'மேட்ரிக்ஸ்' இதைச் சரிசெய்யும். அந்த மைக் மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி சுமார் 87 மில்லிசெகண்ட் பிந்தும். கலக்கும்போது மைக் பதிவை அந்த அளவு முன்னால் நகர்த்தாவிட்டால் ஒவ்வொரு டிரம் அடியும் இரட்டையாக விழும்.

பதிவிறக்கும்போது ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் (FLAC) கோப்பையே எடுங்கள். எம்பி3-இல் ஒரு பாட்டு அடுத்ததற்குள் வழுக்கும் அந்த அருமையான இடத்தில் சின்ன இடைவெளி விழக்கூடும்.