சிறுவாணிக் குழாயும் பில்லூர்க் குழாயும்

கோவைப் பக்கத்தில் ஊரைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேட்பார்கள்: சிறுவாணியா, பில்லூரா? சிறுவாணி நீர் கேரள எல்லைக்குள் இருக்கும் அணையிலிருந்து வந்து சாடிவயலில் சுத்தமாகிறது. பில்லூர் நீர் பவானி ஆற்றுடையது; வெள்ளியங்காட்டில் சுத்திகரிக்கிறார்கள். 2017இல் சிறுவாணி அணை அடிமட்டத்துக்கு வற்றியபோது, அதை மட்டுமே நம்பியிருந்த எங்கள் ஊர் லாரிக்குக் காத்திருந்தது. நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் இருக்கும் பில்லூர்க்காரர்களுக்குக் குறைவாகவாவது குழாயில் வந்தது. இரண்டையும் இணைக்கலாம் என்ற பேச்சு அப்போது தொடங்கியதுதான். பிற்பாடு வேலை நடந்தபோது கவனித்த பொறியாளர்களில் நானும் ஒருவன்.

குழாய் பதிப்பது இதில் சுலபமான பகுதி. சாலையை வெட்டாமல் அடியில் துளையிட்டுக் கொண்டுபோக அனுமதி வாங்க அலைந்தோம், கிடைத்தது. தலைவலி மட்டத்தில்தான். பார்வைக்கு இரண்டு ஊரும் ஒரே சமதளம். மேல்நிலைத் தொட்டிகளின் நீர்மட்டத்தை அளந்தால் எங்களுடையது பல மீட்டர் உயரம். பத்து மீட்டர் உயரம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். வால்வைச் சும்மா திறந்தால் அவர்கள் நீர் எங்களுக்கு ஏறாது. இரவில் எங்கள் நீர் அவர்கள் தொட்டியை நிரப்பி வழியும். ஆகவே பம்ப், திரும்பி ஓடாமலிருக்க ஒருவழி வால்வு. "வாங்கத்தான் வழியா, கொடுக்க இல்லையா?" என்றார் அந்த ஊர்க் கவுன்சிலர் ஒருவர். கேள்வி நியாயம். எங்கள் நீர் அவர்களுக்குப் போக, பம்பைச் சுற்றித் தனி வால்வோடு பைபாஸ் குழாய் போட்டு, இரு திசையும் அளக்கும் மீட்டர் வைத்தோம்.

எங்கள் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களில் நீர் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடியது. எதிர்த்திசையில் ஓடினால் பல வருட வண்டல் கலங்கும் என்று தெரிந்தே, வால்வை நள்ளிரவில் சுற்றுச் சுற்றாகத் திறந்தோம். குழாயைக் கழுவி நீரை வெளியேற்றும் வாஷ் அவுட்டில் முதலில் டிக்காஷன் நிறத்தில் கொட்டியது. தெளியத் தெளியத் தெருத்தெருவாக வெளியேற்றி, கடைக்கோடி வீட்டுக் குழாயில் பிடித்த நீரில், குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் சோதனை மருந்தைச் சொட்டு விட்டோம். மஞ்சள் தெரியவில்லை, வழியிலேயே குளோரின் தீர்ந்திருந்தது. கடைசியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்க வேண்டும் என்பதால் எங்கள் தொட்டியிலும் குளோரின் கருவி வைத்தோம். மறுநாள் காலையில் ஓர் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது சிறுவாணி இல்லையே தம்பி" என்றார். எந்த ஆய்வறிக்கையும் அந்த நாக்கிடம் எடுபடாது.

ஒப்பந்தத்தில் இழுபறி ஒரே சொற்றொடரில்: "தங்கள் தேவை போக மிச்சம்". வறட்சியில் மிச்சம் ஏது? சிறுவாணியும் பவானியும் ஒரே தென்மேற்குப் பருவமழையை நம்பியவை. மழை பொய்த்தால் இரண்டும் சேர்ந்தே இளைக்கும். இந்த இணைப்பு வறட்சிக்கு மருந்தல்ல என்று கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னேன், சிலருக்குப் பிடிக்கவில்லை. பிரதான குழாய் உடைந்தாலோ, மின்சாரம் நின்றாலோ, ஒரு சுத்திகரிப்பு நிலையம் பழுதுக்கு மூடினாலோதான் இதன் பலன் தெரியும். கடைசியில் அணைமட்டம் இறங்க இறங்கக் கொடுக்கும் அளவும் குறையும் என்று எழுதிக் கையெழுத்தானது.

பயன்படாத நாட்களில் இணைப்புக் குழாயில் நீர் தேங்கிக் கெடும். அதனால் மாதந்தோறும் இரு ஊர் ஆட்களும் சேர்ந்து திறந்து வெளியேற்றுகிறார்கள். கொட்டிய நீரை யார் கணக்கில் எழுதுவது என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.