படத்தின் வடிவத்தைச் சொல்லும் நான்கு பிட்கள்

பழைய நிகழ்ச்சி ஒன்று அகலத்திரையில் ஓடும்போது முகங்கள் பருத்தும் சக்கரங்கள் முட்டை வடிவிலும் தெரிந்தால், பலர் சிறிது நேரத்தில் கண் பழகி அதை மறந்துவிடுகிறார்கள். என்னால் அப்படி மறக்க முடிவதில்லை. 4:3 விகிதத்தில் எடுத்த படத்தை இழுத்து 16:9 திரை முழுவதையும் நிரப்பினால், அதில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் இயல்பான அகலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரிகிறது. ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து அமைத்த காட்சி வேறொன்றாகிவிடுகிறது. இதைத் தவிர்க்கத் தேவையான தகவலுக்கு டிஜிட்டல் ஒளிபரப்பில் தொடக்கம் முதலே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகவல் எங்கே எழுதப்படுகிறது, வழியில் எங்கே தொலைகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும்: புள்ளிகளின் (பிக்சல்களின்) எண்ணிக்கையை வைத்துப் படத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க முடியாது. படத்தை 625 கிடைவரிகளாகப் பிரிக்கும் 625 வரி முறையைப் பின்பற்றும் நாடுகளில் சாதாரணத் தரப் படம் 720 × 576 புள்ளிகளாக அனுப்பப்படுகிறது. 720-ஐ 576-ஆல் வகுத்தால் 5:4 என்று வருகிறது. ஆனால் அந்த வடிவத்தில் யாரும் நிகழ்ச்சி தயாரிப்பதில்லை. ஸ்டூடியோவில் படத்தை டிஜிட்டலாக்குவதற்கான பிடி.601 தரநிலை ஒளிர்வுச் சைகையை நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை மாதிரி எடுக்கச் சொன்னது. 525 வரி முறைக்கும் 625 வரி முறைக்கும் ஒரே வேகம் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எண் அது. எனவே அதிலிருந்து கிடைக்கும் புள்ளிகள் சதுரமாக இருப்பதில்லை. பின்னர் அகலத்திரை வந்தபோதும் அதே 720 புள்ளிகளையே பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு புள்ளியும் கூடுதல் அகலம் உடையது என்று கொண்டார்கள், அவ்வளவுதான். இதனால் 4:3 படமும் 16:9 படமும் எண்ணிக்கையில் வேறுபாடே இல்லாமல் ஒரே மாதிரி வந்து சேர்கின்றன. எது எது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

காணொளியைச் சுருக்கி அனுப்பும் எம்பெக்-2 முறையில் அதைச் சொல்வது காணொளி ஓடையின் தலைப்பகுதியில் உள்ள நான்கு பிட்கள், அதாவது 0 முதல் 15 வரையிலான ஓர் எண். அதில் 1 என்றால் புள்ளிகள் சதுரம், 2 என்றால் திரை வடிவம் 4:3, 3 என்றால் 16:9, 4 என்றால் 2.21:1. பார்வையாளர் எந்த நொடியில் சேனலை மாற்றி வந்தாலும் படம் சரியாகத் தொடங்க வேண்டும் என்பதால் இந்தத் தலைப்பகுதி இடைவிடாமல் மீண்டும் மீண்டும் அனுப்பப்படுகிறது. ஆகவே விளம்பரம் 4:3-இலும் நிகழ்ச்சி 16:9-இலும் இருந்தாலும், ஓடையின் நடுவிலேயே வடிவத்தை மாற்றிச் சொல்ல முடியும்.

அடுத்து வந்த எச்.264 என்ற சுருக்க முறை இதே செய்தியை வேறு விதமாகச் சொல்கிறது. அது திரையின் வடிவத்தைக் குறிப்பிடுவதில்லை. ஒரு புள்ளியின் வடிவத்தைக் குறிப்பிடுகிறது. 625 வரி முறையில் 4:3 படத்துக்குப் புள்ளி 12:11, அகலப் படத்துக்கு 16:11 என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் இல்லாத விகிதம் வேண்டுமென்றால் 255 என்று எழுதி, அகலத்தையும் உயரத்தையும் தனித்தனி எண்களாகத் தரலாம். கணக்கிட்டுப் பார்த்தால் 720-இல் நடுவிலுள்ள 704 புள்ளிகளை 12/11-ஆல் பெருக்கினால் 768. 768 × 576 என்பது துல்லியமாக 4:3. அப்படியானால் 720 எதற்கு? பழைய அனலாக் வரியில் படம் இருந்த நேரம் 52 மைக்ரோ நொடி, அதற்கு 702 மாதிரிகளே போதும்; நடைமுறையில் அதைச் சற்றே கூட்டி 704 என்று கொள்கிறார்கள். மீதி, இரு ஓரங்களிலும் விடப்பட்ட இடம். எம்பெக்-2 ஓடையில் 720 முழுவதுமே 4:3 என்று எடுத்துக்கொள்கிற கருவியும், நடுவிலுள்ள 704 மட்டுமே 4:3 என்று எடுத்துக்கொள்கிற கருவியும் ஒரே வட்டத்தை இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமான வேறுபாட்டுடன் வரையும். கண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாது என்பது உண்மை. ஆனால் ஒரு பதிவை ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றும்போது இந்த வேறுபாடு சத்தமில்லாமல் கோப்புக்குள் நிலைத்துவிடுகிறது என்பதால், ஆவணக் காப்பில் ஈடுபடுகிறவர்கள் இதைச் சிறு விஷயமாக ஒதுக்கக் கூடாது என்பது என் கருத்து.

இதுவரை சொன்னது சட்டகத்தின் வடிவம். சட்டகத்துக்குள் உண்மையான படம் எங்கே இருக்கிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி. பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் வருகிறது. ஓர் அகலப்படத்தை மேலும் கீழும் கருப்புப் பட்டைகளோடு 4:3 சட்டகத்துக்குள் வைத்து ஒளிபரப்புகிறார்கள் என்று கொள்வோம். தலைப்பகுதி 4:3 என்று சொல்கிறது, அது பொய்யில்லை. அகலத்திரைத் தொலைக்காட்சி அதை நம்பி இடமும் வலமும் மேலும் இரண்டு பட்டைகளைச் சேர்க்கிறது. விளைவாக நான்கு பக்கமும் கருப்பு சூழ, படம் நடுவில் சிறுத்து நிற்கிறது. 1920 × 1080 திரையில் அது 1440 × 810 இடத்தையே பிடிக்கும், அதாவது திரைப் பரப்பில் 56 சதவீதம்தான். படம் 16:9, திரையும் 16:9. இருந்தும் திரையில் பாதிக்குச் சற்றே குறைவான இடம் வீணாகிறது.

இதற்காக உருவானதுதான் ஏஎஃப்டி (Active Format Description) எனப்படும் குறியீடு; சட்டகத்துக்குள் உண்மையான படம் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்கிறது. இதுவும் நான்கே பிட்கள். ஐரோப்பிய டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான டிவிபிக்காக இட்சி என்ற தரநிலை நிறுவனம் வெளியிட்ட தரநிலை இதை வரையறுக்கிறது. பின்னர் அமெரிக்காவின் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் அமைப்பான எஸ்எம்பிடிஇ-யும் இதை ஏற்று ஸ்டூடியோ இணைப்புகளுக்கு விரித்தது. தலைப்பகுதியில் இல்லாமல் ஒவ்வொரு படத்தோடும் இது சேர்ந்து பயணிப்பதால், காட்சி மாறும் அதே சட்டகத்தில் குறியீட்டையும் மாற்ற முடியும். 8 என்றால் சட்டகம் முழுவதும் படம். 9 என்றால் நடுவில் 4:3 படம். 10 என்றால் நடுவில் 16:9 படம். மேலே சொன்ன சிறுத்த படத்தோடு 10 என்ற எண் வந்திருந்தால், கருவி பட்டைகளை வெட்டிவிட்டுப் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கியிருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 13, 14, 15 ஆகிய மூன்று எண்கள். படம் எங்கே இருக்கிறது என்பதோடு, அதில் எவ்வளவை வெட்டலாம் என்பதையும் அவை சொல்கின்றன. 15 என்றால் இது 16:9 படம், ஆனால் முக்கியமான அனைத்தும் நடுவிலுள்ள 4:3 பகுதிக்குள் அமையும்படி எடுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே ஓரங்களை வெட்டினாலும் பொருள் கெடாது என்று அர்த்தம். 14 அதே உறுதியை, 4:3-க்கும் 16:9-க்கும் இடைப்பட்ட 14:9 பகுதிக்குத் தருகிறது. எடுத்தவரின் அனுமதி இப்படி ஒளிபரப்போடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. அதைப் படிக்காமல் தன் விருப்பத்துக்குப் படத்தை வெட்டுகிற கருவியை நல்ல கருவி என்று என்னால் சொல்ல முடியாது. 16:9-ஐவிட அகலமான திரைப்படங்களுக்கு மட்டும் இந்த நான்கு பிட்கள் போதுவதில்லை. 4 என்ற குறியீடு ‘இன்னும் அகலம்’ என்பதோடு நின்றுவிடும். பட்டைகள் எந்த வரியில் முடிகின்றன என்பதைத் துல்லியமாகச் சொல்லத் தனியே பட்டைத் தரவு உண்டு.

எம்பெக்-2-இல் இன்னொரு ஏற்பாடும் இருந்தது: 16:9 படத்தின் 720 புள்ளிகளில் எந்த 540 புள்ளிகளை 4:3 திரையில் காட்ட வேண்டும் என்பதை, புள்ளியின் பதினாறில் ஒரு பங்கு வரை நுணுக்கமாக, படத்துக்குப் படம் நகர்த்திச் சொல்லலாம். ஆனால் அதற்கு ஒவ்வொரு காட்சியையும் ஒருவர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

தகவல் தொலைவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், செட்-டாப் பாக்ஸுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில். ஐரோப்பாவின் பழைய ஸ்கார்ட் இணைப்பில் எட்டாம் முனையின் மின்னழுத்தமே வடிவத்தைச் சொன்னது: சுமார் 6 வோல்ட் என்றால் 16:9, சுமார் 12 வோல்ட் என்றால் 4:3. எச்டிஎம்ஐ வந்தபின் படத்தோடு செல்லும் ஒரு சிறு தகவல் பொட்டலத்தில் சட்டக வடிவத்துக்கு இரண்டு பிட்களும், ஏஎஃப்டி-யின் அதே குறியீடுகளுக்கு நான்கு பிட்களும் ஒதுக்கப்பட்டன. ஆனால் பாக்ஸ் எல்லாவற்றையும் தானே 1920 × 1080 ஆக்கி, 16:9 என்று அறிவித்து அனுப்பினால், உள்ளே இழுக்கப்பட்ட படம் இருக்கிறதா பட்டையிட்ட படம் இருக்கிறதா என்பதைத் தொலைக்காட்சியால் அறிய முடியாது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது பாக்ஸின் அமைப்புகளைத்தான். திரை வடிவம் 16:9 என்றும், 4:3 படத்துக்குப் பக்கப்பட்டை என்றும் அங்கே வைத்த பிறகு, தொலைக்காட்சியில் இழுத்து நிரப்பும் தேர்வை அணைத்து மூல வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் முகங்கள் பருத்தே தெரிந்தால், படம் ஒளிபரப்பு நிலையத்திலேயே இழுக்கப்பட்டிருக்கலாம், அல்லது தலைப்பகுதியின் நான்கு பிட்கள் அங்கேயே தவறாக எழுதப்பட்டிருக்கலாம். அப்போது நேரத்தையும் நிகழ்ச்சியையும் குறிப்பிட்டு நிலையத்துக்கு எழுதுவதுதான் வழி.